லஸ்கர் மரியஅந்தோணியின் ரோமிங் பில்

சேசு மரி சூசை துணை
(உங்கள் சபை வழக்கப்படி முதல் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளவும்.)

லெஸ்டர், இங்கிலாந்து
ஆகஸ்ட் 24

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திரு. தேவநேசன் அவர்கள் சமூகத்திற்கு, ஓய்வுபெற்ற லஸ்கர் மரியஅந்தோணி உங்கள் முறைப்படி ஸ்தோத்திரமும் எங்கள் முறைப்படி சேசுவுக்கே புகழும் சொல்லி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான், மகன் எல்வின், உங்கள் மகள் லின்சி, நம் பேரன் ஆல்பின் எல்லோரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். லின்சிக்கு ஆஸ்பத்திரியில் இந்த வாரம் பகல் ட்யூட்டி. எல்வின் வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வேலை பார்ப்பதைப் பார்க்கிறேன். அவ்விடம் உங்கள் கண் எப்படி இருக்கிறது? இடது கண் போய்விட்டது, வலது கண்ணிலும் விழித்திரை மங்கிக்கொண்டு வருகிறது, அடுத்த மாதம் ஆபரேஷன் என்று லின்சி சொன்னாள். நாற்பது வருஷம் பிள்ளைகளின் பரீட்சைத்தாளைத் திருத்திய கண், நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைச் சம்பந்தியம்மாதான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்பதால் பெரிய எழுத்தாக எழுதவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற புதன்கிழமை நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் நீங்கள் ஒரு குரல்பதிவு போட்டீர்கள். "முப்பத்தொரு வருஷம் மதகு மூடுன மனுஷருக்கு ஒரு போனை மூடத் தெரியலையே. பில்லு காச நானே அனுப்பிடறேன், மாப்பிள்ளை சங்கடப்பட வேணாம்" என்று சொல்லி, கடைசியில் ஒரு சிரிப்பு. அந்தக் குழுவில் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். மஸ்கட்டில் இருக்கிற என் தங்கை மகள் ஷீபா வரைக்கும் கேட்டுவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னாள். சம்பந்தி, காசைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மரியஅந்தோணி வீணடித்தான் என்று ஒரு சொல் வந்துவிட்டதே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனை எல்வினிடம் ஒப்படைத்துவிட்டேன், ஆகையால் தபாலில் எழுதுகிறேன்.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். லஸ்கர் என்றால் பொதுப்பணித்துறையில் மதகைத் திறந்து மூடுகிறவன். கல்லணைக் கால்வாயில் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்கள் பிரிவில் எந்த மதகு எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டால் ஊரே என் சைக்கிளைத்தான் கை காட்டும். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில் இந்த வாய்க்காலுக்கு மூன்று நாள், அந்த வாய்க்காலுக்கு மூன்று நாள் என்று உத்தரவு வரும். நான் ஒரு நிமிஷம் கூடுதலாக விட்டதில்லை. என் சொந்த மச்சான் வயல் பாதி நனைந்திருக்கும்போது நேரமாகிவிட்டது என்று மதகை இறக்கினேன், அவர் என் தம்பி மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. வராவிட்டால் போகிறார். சொட்டுத் தண்ணீரை வீணாக்காதவன் என்று கலெக்டர் கையால் சால்வை வாங்கியிருக்கிறேன். அந்தச் சால்வை இங்கே குளிருக்கு உதவுகிறது.

லூர்து நகருக்குப் போனது இப்படித்தான். இங்கே இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வருஷா வருஷம் ஆகஸ்ட் மாதா திருநாளுக்கு பஸ் வைத்து பிரான்சில் உள்ள லூர்து மாதா கோயிலுக்குப் போகிறார்கள். பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், நல்ல மனுஷர்கள், புளிச்சாதத்துக்குப் பதில் இடியாப்பம் கட்டிக்கொண்டு வருகிறார்கள். எல்வினுக்கும் லின்சிக்கும் லீவு இல்லை. நான் மட்டும் போனேன். பிரான்சுக்குத் தனியாகப் போகிறேனே என்று எனக்குப் பயம் கிடையாது. காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்தில் என் அப்பா வைக்கோல் வண்டி ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வந்தவர். எல்லையில் ஒரு பூவன் தாரைக் கொடுத்தால் போதும், பாஸ்போர்ட்டாவது ஒன்றாவது. எங்களுக்கு பிரான்ஸ் இரண்டு தலைமுறைப் பழக்கம்.

என் மனைவி சகாயம்மாள் ஊரிலேயே தங்கிவிட்டது உங்களுக்குத் தெரியும். எங்கள் செவலைப் பசு சினையாக இருந்தது, கன்று குறுக்கே கிடக்கிறது, வயிற்றைக் கிழிக்க வேண்டி வரலாம் என்று ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரி டாக்டர் சொல்லியிருந்தார். நான் லூர்துக்குப் போகிறேன் என்று போனில் சொன்னதுதான் தாமதம், அவள் அதைத் தெருவுக்குச் சொன்னாள், தெரு ஊருக்குச் சொன்னது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் வேளாங்கண்ணிக்கு நடந்து போனால் தெருவே ஆளுக்கொரு விண்ணப்பச் சீட்டு எழுதி அவர் பையில் திணிக்கும். மதம் சாதி பார்ப்பதில்லை, கால் உள்ளவன் சுமக்க வேண்டியதுதான். நான் ஏழு கடல் தாண்டி இருப்பதால் சீட்டுக் கொடுக்க வழியில்லை. "சீட்டு வேணாம், ஆளையே காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன். எல்வின் எனக்குக் கொடுத்த போனில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், படம் பார்க்கலாம், அளவே கிடையாது என்று முதல் நாளே சொல்லியிருந்தான். மேட்டூர் நிரம்பியிருக்கிறது என்று அரசாங்கமே அறிவித்த பிறகு லஸ்கர் எதற்கு யோசிக்கப் போகிறான்?

இருபத்தெட்டுக் குடும்பம் பெயர் கொடுத்தது. சகாயம்மாள் கோவில் வாசலில் பெஞ்சு போட்டு வரிசையாக உட்கார வைத்தாள். குடும்பத்துக்கு மூன்று நிமிஷம், கடைமடைக்காரனுக்கு முதல் முறை என்று நான் இங்கிருந்தே உத்தரவு போட்டேன். ஏனென்றால் எங்கள் வாய்க்காலின் கடைசி வயல் தியாகுவுடையது, பிழைப்பு முழுக்க அவனுக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் போகும், சில வருஷம் போகவே போகாது. லூர்திலாவது அவன் தலைமடையாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மாதா காட்சி கொடுத்த குகைக்கு முன்னால் போய் நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். உடனே சீருடை போட்ட ஒரு வெள்ளைக்காரத் தொண்டர் என் எதிரே வந்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். மரியாதைக்கு மரியாதை, நானும் வைத்துக் காட்டினேன். அவர் மறுபடி வைத்தார், நானும் வைத்தேன். அப்புறம்தான் அது வணக்கம் இல்லை, அங்கே பேசக்கூடாது என்று புரிந்தது. குகைக்குப் பக்கத்திலேயே, நோய் தீர்க்கும் என்று உலகமே நம்புகிற ஊற்றுத் தண்ணீரைக் குழாய்களில் விட்டிருக்கிறார்கள், அங்கே போய்விட்டேன். சம்பந்தி, அந்தக் குழாயை நீங்கள் பார்க்க வேண்டும். அமுக்கினால் வருகிறது, கையை எடுத்தால் தானே மூடிக்கொள்கிறது. லஸ்கரே வேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு ஆறும் ஓடுகிறது, கண்மதிப்பில் எழுநூறு கனஅடி இருக்கும், கரை ஒரு இடத்திலும் உடையவில்லை. யார் பராமரிக்கிறார்கள் என்று விசாரித்தேன், யாருக்கும் தமிழ் தெரியவில்லை.

தியாகு திரையில் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டுத் தலைசீவி வந்திருந்தான். "சொல்லுடா, நேரம் ஓடுது" என்றேன். அவன் குழாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொண்டையைக் கனைத்தான். இரண்டரை நிமிஷம் ஆயிற்று. கடைசியில், "அண்ணே, இத்தனை வருஷமா கடைசியில வாங்கியே பழகிட்டேன். முதல்ல குடுத்தா என்ன கேக்குறதுன்னு தெரியலண்ணே" என்றான். முறை முடிந்தது, அடுத்த ஆளுக்குப் போய்விட்டேன். எனக்குக் கண் கலங்கியது உண்மை, ஆனால் நேரம் நேரம்தான். அப்புறம் உரக்கடை ஜெய்னுலாபுதீன் வந்தார். "நாகூர்ல ஏற்கனவே சொல்லியாச்சு லஸ்கரே, இங்கயும் ஒரு வார்த்தை போட்டு வைங்க, பையனுக்கு விசா வரணும்" என்று நாற்பது செகண்டில் முடித்துக்கொண்டார். வியாபாரி என்றால் வியாபாரி. எங்கள் வீட்டு மூன்று நிமிஷத்தைச் சகாயம்மாள் செவலைக்கே கொடுத்துவிட்டாள். கொட்டகைக்கு ஓடிப்போய் போனைப் பசுவின் மூஞ்சிக்கு நேரே பிடித்து, "அந்தத் தண்ணிய நல்லாக் காட்டுங்க, பாக்குதுல்ல" என்றாள். பசு போனை நக்கியது. மூன்றாம் நாள் கத்தி படாமல் கிடேரிக் கன்று போட்டது, லூர்து என்று பெயர் வைத்திருக்கிறோம். தன் ஊசிதான் காரணம் என்று டாக்டர் சொல்கிறாராம். இருக்கட்டும், ஊசிக்கும் ஒரு முறை இருக்கிறது.

இருபத்தெட்டுக் குடும்பமும் முடிந்த பிறகு, பட்டியலில் இல்லாத ஒரு அழைப்பு வந்தது. யார் என்று சொல்வதற்கில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறேன். கேட்டு வந்தவர்களை விரட்ட முடியாது என்று அவர்களுக்கும் ஒரு முறை கொடுத்தேன். அதுவும் மற்றவர்களைப் போல மூன்றே நிமிஷம்.

இப்போது பில்லுக்கு வருகிறேன். டோவர் துறைமுகத்தில் கப்பலில் ஏறுவதற்கு முன்பே, பஸ் இன்னும் இங்கிலாந்து மண்ணில் நிற்கும்போதே, போனில் 'பிரான்சுக்கு நல்வரவு' என்று இங்கிலீஷில் ஒரு செய்தி வந்தது. நான் இந்தக் கரையில், போன் அந்தக் கரையில். அதன் கீழே என்னென்னவோ எழுதி, சம்மதம் என்றால் 'எஸ்' என்று பதில் போடு என்று இருந்தது. போட்டேன். லூர்திலும் நடுநடுவே அதே மாதிரி செய்தி வந்துகொண்டே இருந்தது, நானும் விடாமல் 'எஸ்' போட்டேன். ஏன் போட்டீர்கள் என்று எல்வின் கேட்டான், நீங்களும் கேட்பீர்கள். இது எங்கள் டிபார்ட்மெண்டில் ஊறிய வழக்கம். கல்லணையிலிருந்து இத்தனை கனஅடி திறந்திருக்கிறோம் என்று செய்தி வந்தால், கிடைத்தது என்று உடனே பதில் போகவேண்டும். பதில் போடாத பக்கத்துப் பிரிவு லஸ்கர் ஒருவருக்கு மெமோ கொடுத்து இன்கிரிமெண்டையே நிறுத்திவிட்டார்கள். மேலிடத்துச் செய்திக்கு நான் இதுவரை பதில் போடாமல் இருந்ததில்லை, படித்துப் பார்த்ததும் இல்லை.

திரும்பி வரும்போதுதான், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த யாழ்ப்பாணத்துப் பையன் விஷயத்தைச் சொன்னான். "முந்தி ஐரோப்பா முழுக்க ஒரே கணக்குத்தான் அங்கிள், எங்க போனாலும் காசில்லை. இவையள் யூனியனை விட்டு விலகின பிறகு கொம்பனிக்காரர் திரும்பக் காசு வாங்கத் தொடங்கிட்டினம்." எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஊர் ராஜசேகர் இப்படித்தான், கடைமடைக்காரன் வாய்க்காலைத் தூர்வார நான் ஏன் காசு கொடுக்கணும் என்று கோபித்துக்கொண்டு வாய்க்கால் சங்கத்தை விட்டு விலகினார். அந்த வருஷம் அறுப்பு மெஷினைத் தன் வயலுக்குக் கொண்டுபோக வரப்புக்கு வரப்பு நின்று காசு எண்ணி வைத்தார். இங்கிலாந்து ராஜாங்கமும் நம் ராஜசேகரும் ஒரே ரகம். சங்கத்தை விட்டு விலகுவது பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை சம்பந்தி. உங்கள் முன்னோர் எங்கள் சபையை விட்டு விலகி ஐந்நூறு வருஷம் ஆயிற்று, இன்றுவரை நாங்கள் உங்களிடம் ஒரு பைசா ரோமிங் கேட்டதுண்டா?

பில் வந்த அன்று எல்வின் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பா, முந்நூத்தித் தொண்ணூறு பவுண்டு. பிரான்ஸ்ல என்னப்பா பண்ணீங்க?" என்றான். நம் காசுக்கு நாற்பத்தையாயிரத்துச் சொச்சம். "செபம் பண்ணேன்" என்றேன். அவன் எழுந்து போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தான், அவ்வளவுதான் அவன் கோபம். லின்சி உங்களிடம் சொன்னதில் தப்பில்லை, மகள் அப்பாவிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாள்? ஊருக்கும் விஷயம் போயிற்று. வாய்க்கால் வெட்டுக்கூலி மாதிரி வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறோம் என்று இருபத்தெட்டுக் குடும்பமும் கோவில் வாசலில் கூடிப் பேசியிருக்கிறது. தியாகு இரண்டு மூட்டை நெல்லை எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஓடியே போனானாம். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லி முடியாது. ஆனால் ஒருவரிடமும் ஒரு ரூபாய் வாங்காதே, மூட்டையைத் திருப்பி அனுப்பு என்று சகாயம்மாளுக்குச் சொல்லிவிட்டேன். லஸ்கர் தப்பு லஸ்கரோடு. என் பென்ஷனில் மாதாமாதம் எல்வினுக்குக் கட்டிவிடுவேன்.

உங்கள் பணமும் வேண்டாம். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பில் கட்டச் சொல்லி வாங்கினான் மரியஅந்தோணி என்று நாளைக்கு எவனும் பேசக்கூடாது. நான் பிரான்சில் வீணாக்கியது ஒன்றுமில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளந்துதான் கொடுத்தேன், நேரம் பார்த்துத்தான் மூடினேன். போகிற வழியில் யார் யாரிடம் வரி வாங்குகிறான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று, அது ஒன்றுதான் என் பிழை. இதைக் குடும்பக் குழுவில் உங்கள் வாயால் ஒரு குரல்பதிவாகப் போட்டுவிட்டீர்கள் என்றால் நம் இருவருக்கும் நடுவே ஒரு வரப்பும் இல்லை.

ஆல்பின் உங்களை மாதிரியே மூக்கின் மேல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்க்கப் பழகியிருக்கிறான். நீங்கள் கண் திறந்து அதைப் பார்க்கும் நாள் சீக்கிரம் வரட்டும். ஆபரேஷன் அன்றைக்கு உங்கள் சபையில் ஒரு செபமும் எங்கள் பங்கில் ஒரு பூசையும் நடக்க ஏற்பாடு செய்திருக்கிறேன், எது முந்தினாலும் சரி. சம்பந்தியம்மாவுக்கு என் அன்பான விசாரிப்பு. ஆண்டவர் உங்கள் இல்லத்துக்கு நெல்லும் நீரும் குறைவில்லாமல் தருவாராக.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
அ. மரியஅந்தோணி, லஸ்கர் (ஓய்வு)

பி.கு.: சம்பந்தியம்மா, வாசிப்பதைக் கையெழுத்தோடு நிறுத்தி, "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று சாரிடம் சொல்லிவிடுங்கள். இனிமேல் உள்ளது உங்களுக்கு மட்டும். நீங்கள் கேட்ட தண்ணீர் பத்திரமாக இருக்கிறது. மாதா உருவம் போட்ட பாட்டிலைப் பார்த்தால் சார் கோபித்துக்கொள்வார் என்று சாதாரண பாட்டிலில் மாற்றி வைத்திருக்கிறேன். மேலே நான் எழுதியதில் பாதி பொய், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். யாழ்ப்பாணத்துப் பையன் ரோமிங் விஷயத்தைச் சொன்னது திரும்பும்போது இல்லை, போகும்போது கப்பலிலேயே. டோவரில் நான் 'எஸ்' போட்டது ஒரு நாளைக்கு இவ்வளவு என்கிற சின்ன வாடகைக்குத்தான், இருபத்தெட்டுக் குடும்பமும் அதற்குள்ளேயே பேசி முடித்துவிட்டார்கள், லூர்தில் அதுவரை ஒரு செய்தியும் வரவில்லை. அப்புறம்தான் நீங்கள் கூப்பிட்டீர்கள். "சார் தூங்குறார். மாதாவைக் காட்ட வேணாம் அண்ணே, எங்க சபையில அது வழக்கமில்ல. அந்தத் தண்ணிய மட்டும் கொஞ்சம் காட்டுங்க" என்றீர்கள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டீர்கள். முந்நூற்றுத் தொண்ணூறும் அந்த ஒரு அழைப்புக்குத்தான், அதனால்தான் ஊர்க்காரர்களிடம் வாங்கவில்லை. இதற்காக நீங்கள் கலங்க வேண்டாம், பணமும் அனுப்ப வேண்டாம். குழாய் தானே மூடிக்கொள்கிற குழாய் என்பதால் ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே மறு கையில் போனைப் பிடித்திருந்தேன். இதற்கு மேல் போனால் காசு, சம்மதமா என்று போன் கம்பெனிக்காரன் பத்துத் தடவை கேட்டான், பத்துத் தடவையும் நன்றாகப் படித்துப் பார்த்துத்தான் 'எஸ்' போட்டேன். நாற்பத்தொரு நிமிஷம் ஆயிற்று, நீங்கள் இன்னும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் சர்வீசில் நேரம் முடிந்தது தெரிந்தும் நான் மூடாமல் விட்ட மதகு அது ஒன்றுதான்.